கேட்காமல் கொடுத்த அடி

கரமனை,
திருவனந்தபுரம்.
மே 12

அன்புள்ள கைலாஷுக்கு அப்பா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது.

இங்கே அம்மா சௌக்கியம், மழை வருவதற்கு முன்பே முட்டிவலி வந்துவிட்டது, அவ்வளவுதான். அங்கே நீயும் ராஜஸ்ரீயும் குழந்தை ஸ்நேகாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் சௌக்கியமா இல்லையா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு நீயே சொல்லிக்கொள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குப் பேனாவைத் தேடி எடுத்தான் என்று உனக்குத் தோன்றும். போனில் சொல்ல நான்கு தடவை முயன்றேன். நான்கு தடவையும் அங்கே இன்னும் பனி இருக்கிறதா, கார் டயரை மாற்றிவிட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் கடிதம். ஸ்பீட் போஸ்டில் பத்துப் பன்னிரண்டு நாளில் கால்கரிக்கு வந்துவிடும் என்று தபாலாபீஸில் சொன்னார்கள். ஸ்நேகாவின் டிக்கெட்டை மாதக் கடைசியில் போடப்போவதாக நீ சொன்னாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும், இதைப் படிக்காமல் டிக்கெட் போடாதே.

அம்மா இங்கே ஏற்பாடெல்லாம் முடித்துவிட்டாள். நடு அறைக்குப் புதுக் கொசுவலை வாங்கியாகிவிட்டது, குளிக்கிற அறையில் குழந்தைக்கென்று ஒரு மஞ்சள் வாளி, ஆரியசாலைக்குப் போய்க் கட்டிப் பெருங்காயமும் அப்பளமும்கூட வாங்கி வந்தாள், ராஜஸ்ரீ குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பும்போது கொடுத்தனுப்ப வேண்டுமாம். எதிர்வீட்டை இடித்து மூன்று மாடி கட்டுகிறார்கள், நாள் முழுக்கச் சத்தம். குழந்தை மத்தியானம் எப்படித் தூங்குவாள் என்று மேஸ்திரியிடம் போய் இப்போதே சண்டை போட்டுவிட்டு வந்தாள் உன் அம்மா. குழந்தை வருவதற்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. அவளை நீ குறை சொல்லாதே. நான் இங்கே எழுதப்போவது எதுவும் அவள் செய்தது அல்ல.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உட்காரப் போகிற ஜென் தியானக் கூட்டம் உனக்குத் தெரியும். ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபின் தூக்கம் வராமல் அவஸ்தைப்பட்டபோது ராகேல் டீச்சரின் வீட்டு மாடிக்குப் போக ஆரம்பித்தேன், கல்லூரியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர், கண்டிப்பானவர், ஆனால் குரல் உயர்த்தமாட்டார். நம் தெருவில் சாம்பசிவன் ஜப்பான் சாமியாராகிவிட்டான் என்று கேலி செய்தார்கள். அம்மா மட்டும் என்ன, ஆத்துல அரை மணி நேரம் வாயை மூடிண்டு இருக்க முடியலை, அங்கே போய் அஞ்சு நாள் பேசாம இருக்கப் போறேளாக்கும் என்றாள். வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிற அந்த ஐந்து நாள் உட்காருதலுக்கு செஷின் என்று பெயர். விதுரா பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். விடியற்காலம் நாலரைக்கு மணி அடித்தால் எழுந்து, சுவரைப் பார்த்து இருபத்தைந்து நிமிஷம் உட்கார வேண்டும், ஐந்து நிமிஷம் மெதுவாக நடக்க வேண்டும், மறுபடி உட்கார வேண்டும், இப்படியே இரவு ஒன்பது வரை. பேச்சு கிடையாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் கிடையாது, போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். எழுபத்தொரு வயதில் சம்மணம் போட்டு முதுகு வளையாமல் உட்காருகிறவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். முப்பது வயசுக்காரர்கள் நாற்காலி கேட்பார்கள். டீச்சர் இரண்டு மூன்று பேரிடம் சாரைப் பார்த்து உட்காருங்கள் என்று சொன்னதை நான் காதில் விழாதவன்போலக் கேட்டு வைத்திருந்தேன். மனசை விடுவதற்குப் போன இடத்தில் முதுகைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன், அதுதான் நிஜம்.

போன மாதக் கடைசியில் நடந்த செஷினில் எனக்குக் கோல் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய படத்தில் என் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்ததே, அது என்ன பலகை என்று நீ கேட்டாய், விளக்கு வைக்கிற பலகை என்று நான் பதில் போட்டேன். அது பொய். அது அடிக்கிற கோல். மூன்று அடி நீளம், முனையில் தட்டையாக இருக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் தூங்கி வழியும் நேரத்தில் ஒருவர் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வரிசைக்குப் பின்னால் மெதுவாக நடந்து வருவார். தூக்கம் வருகிறவர், தோள் இறுகிப்போனவர், வேண்டுமென்றால் கை கூப்புவார். கூப்பினால் கோல்காரர் குனிந்து வணங்கி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே சதையில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு தட்டுவார். பிறகு இரண்டு பேரும் வணங்கிக்கொள்வார்கள். வலிக்காது, சத்தம்தான் பெரிதாக இருக்கும். கேட்காதவர் மேல் கோல் படக்கூடாது என்பது முதல் விதி. டீச்சர் என்னைத் தலையணையில் அடித்துப் பழகச் சொல்லி, அந்த விதியை மூன்று தடவை சொன்னார். எனக்கு எதற்கு மூன்று தடவை என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்த நேரம். காற்றில்லை, வெளியே சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது வரிசையில் வினய் என்ற பையன், பையன் என்ன, முப்பது வயசிருக்கும், தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை, ஊர் மார்த்தாண்டம் பக்கம். தொடர்ந்து இரவு டியூட்டி பார்த்து விடுமுறையைச் சேர்த்துக்கொண்டு வந்தவன் என்று பிற்பாடுதான் தெரிந்தது. முதல் சுற்று வரும்போது அவன் முதுகு கூனியிருந்தது. இரண்டாவது சுற்றில் தலை தொங்கி மோவாய் மார்பில் இடித்தது. கை கூப்பவில்லை. நிமிர்ந்து உட்கார மாட்டானா என்று எனக்குள் ஒரு சூடு ஏறியது, கைலாஷ், அந்தச் சூடு எனக்குப் புதிது இல்லை, உனக்கும் புதிது இல்லை. மூன்றாவது சுற்றில் நான் நிற்கவும் இல்லை, வணங்கவும் இல்லை, ஓங்கி ஒன்று வைத்தேன். அந்த நிமிஷம் அவன் அசைந்ததில் தோளில் விழ வேண்டியது கை எலும்பின் மேல் விழுந்தது. அவன் கத்தவில்லை. இடது முழங்கையை மடக்கி முகத்துக்கு மேலே தூக்கினான். வளர்ந்த ஆண்பிள்ளை அப்படித் தூக்கமாட்டான். அப்படித் தூக்கிய ஒரு கையை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் எழுதக் கூசுகிறது. எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை. நான் கோலை நிமிர்த்திப் பிடித்து, அவன் கேட்டு நான் கொடுத்ததுபோல முறைப்படி குனிந்து வணங்கினேன். அவனும் திரும்பி வணங்கினான். அன்று சாயங்காலம் தனியாகப் பார்க்கிற நேரத்தில் டீச்சர், ஒரு சத்தம்தானே கேட்டது, பாக்கி மூன்று எங்கே சாரே என்று கேட்டார். அவன் கை கூப்பினான் டீச்சர், முதல் அடியிலேயே எனக்குத் தோள் பிடித்துக்கொண்டது, நிறுத்திவிட்டேன் என்றேன். முப்பத்தைந்து வருஷம் ஆபீஸில் பிறர் எழுதிய சமாதானங்களைப் படித்துச் சிவப்பு மையால் சுழித்தவன், என் சமாதானம் ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. மறுநாள் டீச்சர், வினயும் அதைத்தான் சொன்னான், கூப்பினேன் என்றான், சரி என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியில் மத்தியானம் இரண்டு கரண்டி பாயசம் கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டேன். நான்காம் நாள் முற்றம் பெருக்கும் வேலைக்கு என்னையும் அவனையும் சேர்த்துப் போட்டார்கள். அவன் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தான், முழங்கைக்கு மேலே நீலம் பாரித்திருந்தது. பேசக்கூடாது என்ற விதி இருந்ததே, அது எனக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று தெரியுமா. கடைசி நாள் டீயும் பழம்பொரியும் கொடுத்து எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார்கள். நான் மௌனத்தின் அருமையைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

திரும்பும் வேனில் அவன் பக்கத்தில் இடம் கிடைத்தது. நெடுமங்காடு தாண்டுகிற வரை ஜன்னலைப் பார்த்துவிட்டு, நீ கூப்பவில்லையே, ஏன் கூப்பினேன் என்று சொன்னாய் என்று கேட்டேன். அவன் சிரித்தான். அது ஒண்ணும் இல்ல சார், எங்க அப்பன் அடிச்சாலும் யாராவது கேட்டா நான்தான் ஏதோ செய்ஞ்சேன்னு சொல்லுவேன், சொல்லிச் சொல்லி அது சீலமாயிப் போச்சு என்றான். பழக்கமாகிவிட்டதாம். கோபமே இல்லாமல் சொன்னான். வலிக்கிறதா என்று கேட்டேன், சாரமில்ல சார், அதெல்லாம் பரவால்ல என்றான். தம்பானூரில் இறங்கி லாட்ஜுக்கு நடந்தான், அன்றைக்கே அவனுக்கு டியூட்டி. நான் கரமனை பஸ்ஸில் ஏறாமல் ஸ்டாண்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், இதுவரை எழுதியது எல்லாம் இதற்கு வரப் பயந்து சுற்றியதுதான். உனக்குப் பதினொரு வயது. அரைப்பரீட்சைக் கணக்கில் நாற்பத்தொன்று. காலமும் தூரமும் கணக்கு, ரயில் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டேன், நீ மூன்று தடவை தப்பாகச் சொன்னாய். மூன்றாவது தடவை ஆபீஸிலிருந்து கொண்டுவந்திருந்த ரூல்தடி என் கையில் இருந்தது. நீ முழங்கையைத் தூக்கினாய், அதைக் கீழே இறக்கு என்றேன், இறக்கினாய், நோட்டின் மேல் வைத்த உன் கையில் அடித்தேன். இடதுகைச் சுண்டுவிரல் வீங்கிவிட்டது. அம்மா அன்றைக்குத் திருநெல்வேலியில் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், டாக்டர் எப்படி ஆயிற்று என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார், நான் வாயைத் திறப்பதற்குள் நீ, ஆத்துப் படித்துறையில வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர் என்று சொன்னாய். நான் உனக்குச் சொல்லித்தரவில்லை. நீயாகச் சொன்னாய். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்போது எனக்கு வந்தது வெட்கம் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் வந்தது நிம்மதி. விதுராவில் வந்த அதே நிம்மதி. திரும்பும் வழியில் உனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன், நீயும் குடித்தாய், வீட்டுக்கு வரும்வரை இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை, இந்த முப்பத்திரண்டு வருஷமாகவும் பேசவில்லை.

அதற்குப் பிறகு கைலாஷை நான் தொட்டதே இல்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. தொடத் தேவை இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். நான் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டாலே நீ நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாய். இவனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டேன். விரல் மட்டும் நிமிரவில்லை. மூன்று வருஷம் முன்னால் நீங்கள் வந்திருந்தபோது, சாப்பிடும்போது ஸ்நேகா உன் விரலைப் பிடித்து இது ஏன் இப்படி என்று கேட்டாள். நீ என் பக்கம் பார்க்காமலேயே, ஆற்றுப் படியில் விழுந்தேன் என்றாய். மறுநாள் நான் அவளைப் படித்துறைக்குக் கூட்டிப்போனேன், அவள் முதல் படியிலேயே நின்றுவிட்டாள், இந்தப் படி அப்பா விரலை உடைச்சது, நான் வரமாட்டேன் தாத்தா என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஆமாம், வழுக்கும், தாத்தா கையைப் பிடித்துக்கொள் என்றேன். அடித்த கையையே அவளிடம் நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

இதெல்லாம் தெரிந்துமா போன மாதம் வீடியோவில், இரண்டு மாதத்தில் ஸ்நேகாவுக்கு வாய்ப்பாடு முழுவதும் ஏற்றிவிடுகிறேன் என்று பீற்றினேன் என்று நீ கேட்கலாம். தெரியவில்லை, அதுதான் விஷயம். எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். நீ சரிப்பா என்றாய். பிறகு, அப்பா இப்போ ரொம்ப மாறிட்டார்னு ராஜஸ்ரீகிட்ட சொன்னேன், அவளும் சம்மதிச்சுட்டா என்று மெசேஜ் அனுப்பினாய். அதை நான் நாலைந்து தடவை எடுத்துப் படித்தேன். செஷினுக்குப் போவதற்கு முந்தின நாள்கூடப் படித்தேன். இப்போது அதைப் பார்க்க முடியவில்லை.

வந்த மறுநாளே ராகேல் டீச்சர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சாரே, இனி கோல் எடுக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எல்லாரிடமும் சார்தான் சொல்ல வேண்டும், என்றார். சொன்னேன். பதினோரு பேர் இருந்தார்கள், வினய் வரவில்லை. போன் செய்தேன், பிஸி சார், அப்புறம் கூப்பிடுறேன் என்றான், அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு போய்விட்டது, அவன் வரவே இல்லை. லாட்ஜுக்கு நேரில் போகலாம் என்று நினைக்கிறேன், வேலை செய்கிற இடத்தில் போய் நின்று அவனைச் சங்கடப்படுத்துவது என் மனப்பாரத்தை இறக்கத்தானோ என்றும் தோன்றுகிறது. இன்னும் முடிவு செய்யவில்லை.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். சேப்பங்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, டாக்டர்கிட்ட கொழந்தை அப்படிச் சொன்னப்போ நீங்க பக்கத்துலதானே நின்னேள் என்று ஒன்றே ஒன்று கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, இலையில் எல்லாம் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. பரண் கதவைத் தள்ளுவதற்கு அவள் வைத்திருந்தாளே ஒரு கட்டை, அது அந்த ரூல்தடிதான், அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. அதை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். இப்போது பரண் கதவு திறக்க நாற்காலி போட வேண்டியிருக்கிறது.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதில் எங்கேயும் நான் எழுதவில்லை, கேட்டால் நீ உடனே சரிப்பா என்றுவிடுவாய், அது எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. நான் மாறவே இல்லையா என்றால் அதுவும் தெரியவில்லை. அந்தச் சூடு இன்னும் உள்ளே இருக்கிறது, அது மட்டும் தெரியும். அதை ராஜஸ்ரீ தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும். இந்தக் கடிதத்தை அவளிடம் அப்படியே கொடு, நீ படித்துக் காட்டாதே, நீ படித்தால் பாதியை எனக்காக விட்டுவிடுவாய். குழந்தையை அனுப்ப வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் அம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், கொசுவலையும் வாளியும் எங்கும் ஓடிவிடாது. அனுப்பினால், வாய்ப்பாட்டுக்கு நான் உட்காரமாட்டேன், அம்மாவே பார்த்துக்கொள்வாள். என் முன்னால் குழந்தை தப்பாகக் கணக்குப் போட்டாலும் போட்டுக்கொள்ளட்டும்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் பயப்படாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று பகவானை வேண்டிக்கொள்கிறேன். உன் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, காபிக்கு அப்புறம் போட்டால் பலன் இல்லை என்று அம்மா எழுதச் சொன்னாள். இன்னும் ஒன்று மறக்காதே. அவளை அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் ஸ்நேகாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு விஷயம் சொல்லிவிடு. நானே போனில் சொல்லலாம், ஆனால் நீ இன்னமும் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருப்பதை நீதான் நிறுத்த வேண்டும். கரமனை ஆற்றுப் படியில் அவள் பயப்படாமல் இறங்கலாம் என்று சொல். அந்தப் படி உன்னை ஒன்றும் செய்யவில்லை, தாத்தாதான் அடித்தார் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
சாம்பசிவன்